வன்னியின் இருட்டறை

வன்னியில் படம் கழுவிய இருட்டறை ஒரே நாளில் சாகவில்லை. சனம் இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. 1996 இல் போரால் கிளிநொச்சி நகரம் வெறிச்சோடியபோது கொஞ்சம். 2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரைக்குள் கடல் ஏறியபோது இன்னும் கொஞ்சம். 2008 இலும் 2009 இலும் ரக்ரர்களில் அரிசியும் கிடுகும் தகரமும் ஏற்றிக்கொண்டு சனம் கிழக்கே கிழக்கேயென்று முள்ளிவாய்க்கால் வரை போனபோது மிச்சமும் போனது. ரக்ரரில் நெகட்டிவ் பெட்டிக்கு எங்கே இடம்? மரண அறிவித்தலும் யாரும் கொடுக்கவில்லை. ஆகவே தாமதமாக இது.

பழைய ஸ்ரூடியோக்களில் இருந்தது மரப்பெட்டிக் கமரா. முன்னுக்கு வில்லை, பின்னுக்குத் தேய்த்த கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பான தோல் துருத்தி. படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், மாப்பிள்ளையும் பொம்பிளையும் கண்ணாடியில் தலைகீழாக நிற்பார்கள். 'ஹாஃப் பிளேற்' என்ற அளவில் நெகட்டிவ் நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். கூராகச் சீவிய பென்சிலால் முகத்திலுள்ள அம்மைத் தழும்பை அந்த நெகட்டிவிலேயே மறைத்துவிடலாம். வில்லை மூடியைக் கையால் கழற்றி, எண்ணி, திரும்பப் போடும் காலத்தில் எல்லோரும் மூச்சடக்கி நிற்கவேண்டும். செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக எடுக்கும் படத்தில் படம் பிடிப்பவருக்குத் தொல்லை தராதவர் பெட்டிக்குள் இருப்பவர் மட்டும்தான்.

வித்தை இருந்தது கமராவில் அல்ல, பின்னறையில். யன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தட்டு. முதல் தட்டில் டெவலப்பர், அடுத்ததில் அமிலத் தண்ணீர், மூன்றாவதில் ஹைப்போ. புத்தகம் டெவலப்பருக்குச் சொல்லும் சூடு 20 பாகை செல்சியஸ். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் விடியப்புறத்திலும் அதற்கு இறங்காது. சூடு கூடினால் படம் அவசரப்பட்டுக் கறுக்கும். பிலிமில் படத்தைத் தாங்கும் ஜெலற்றின் படலம் இளகி ஓரம் ஓரமாகக் கழன்று சுருளும். வெப்ப நாடுகளுக்கென்றே கொடக் நிறுவனம் டிகே-15 என்றொரு டெவலப்பர்க் குறிப்பு வைத்திருந்தது. சோடியம் சல்பேற்று சேர்த்தால் ஜெலற்றின் ஊதாது. அதுவும் கிடைக்காதவர் சாமத்தில் எழும்பி வேலை செய்யவேண்டியதுதான்.

பிறகு வந்தது போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை. எரிபொருளும் பற்றறியும் தடைப்பட்டியலில், மின்சாரம் கிடையாது. கலர்ப் பிலிம் கழுவ மருந்தை 38 பாகையில் அசையாமல் வைத்திருக்கவேண்டும், அதற்கு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. பெரிய நெகட்டிவ் என்றால் என்லார்ஜரும் தேவையில்லை. நெகட்டிவையும் தாளையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அமத்தி, லாந்தர் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் காட்டினால் அச்சு விழும். கொழும்பு கலருக்கு மாறிய பிறகும் செய்யக்கூடிய வேலை அது.

கமராவுக்காக நான் அழமாட்டேன். கமராவைத் திருத்தலாம். இருட்டில் துருத்திக்குள் ரோச் லைற்றை விட்டுப் பார்த்தால் ஒளி கசியும் ஓட்டைகள் வெள்ளி மாதிரித் தெரியும், ஒவ்வொன்றாக ஒட்டிவிடலாம். பின்னுக்குள்ள தேய்த்த கண்ணாடி உடைந்தால், சாதாரணக் கண்ணாடியில் காபரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு இன்னொரு கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்க்க, புதியது தயார். கறுப்பு வெள்ளைத் தாள் செய்வதை கொடக் 2005 இல் நிறுத்தியது. இங்கிலாந்தில் இல்ஃபர்ட் இன்றும் தாளும் பிலிமும் செய்கிறது. காசும் பொறுமையும் இருந்தால் நாளைக்கே வவுனியாவில் ஒரு இருட்டறை போடலாம்.

போனது நெகட்டிவ். ஸ்ரூடியோப் படத்தின் பின்பக்கம் முத்திரையும் ஒரு இலக்கமும் இருக்கும். வெள்ளத்திலோ செல்லடியிலோ வீட்டுப் படம் போனாலும் அந்த இலக்கத்தைச் சொன்னால் இன்னொரு பிரதி எடுக்கலாம். தேசிய அடையாள அட்டை 1972 இல் வந்தபின் கலியாணம் கட்டாதவரும் படம் எடுக்க வந்தார்கள். ஒரு ஊரின் முகங்கள் முழுக்கப் பின்னறைப் பெட்டிகளில் இலக்கப்படி அடுக்கியிருந்தன. அதை ஆவணக்காப்பகம் என்று அப்போது யாரும் மதிக்கவில்லை. உடமைக்காரரே விறகுப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையிலிருந்த படங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சிலவற்றில் அடையாள அட்டையின் கீறல் கன்னத்தின் குறுக்கே ஓடும். சிலவற்றில் கலியாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த தலை; தோளில் வேறொருவரின் கை. கணினிக் கடையில் ஸ்கான் பண்ணி, பெருப்பித்து, கலர் பூசி, ஆளுக்கு இல்லாத கோட்டும் போட்டுவிடுவார்கள். பிரதியின் பிரதியில் மூக்கு மழுங்கிப்போகிறது. போராளிச் சீருடையோடு இருந்த படங்களை 2009 இல் போர் முடிந்த பிறகு பயத்தில் எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

காணி துப்புரவாக்கும்போது இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது கிளம்பத்தான் செய்கிறது. நெகட்டிவ் பெட்டி கிடைத்தால் வெயிலில் காயவைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட பிலிமை இழுத்துப் பிரிக்காதீர்கள். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அதில் விரல் படக்கூடாது, ஓரத்தில் பிடியுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. முகம் யாருடையதென்று தெரியாவிட்டாலும் அவர்களிடம் காட்டுங்கள், தேடிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும்.