அசைவில் தொலைந்த பூனை

கிரேஸி காட் என்ற பெயர் நம்மில் சிலருக்காவது பரிச்சயமாகியிருந்தால் அது ஈ.ஈ. கம்மிங்ஸ் வழியாகத்தான் இருக்கும். 1946-ல் அந்தச் சித்திரத் தொடரின் முதல் தொகுப்பு வெளிவந்தபோது முன்னுரை எழுதியவர் அவர். அதற்கும் இருபத்திரண்டு வருஷங்கள் முன்னதாகவே, 1924-ல், கில்பர்ட் செல்டெஸ் தம் புத்தகத்தில் இத்தொடருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, அன்றைய அமெரிக்கக் கலையின் முன்வரிசையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். தினசரித் தாளின் சிரிப்புப் பக்கத்தில் வந்த ஒன்றை ஒரு விமர்சகனும் ஒரு கவிஞனும் இப்படித் தலைமேல் தூக்கி வைத்தது அப்போது பலருக்கு எரிச்சலைத் தந்திருக்கும். இன்று அதை மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் இந்த இருவரின் கண்ணும் பதிந்தது அச்சிட்ட தாளின்மீதுதான். அதே பூனை 1916-லிருந்து திரையில் ஓடிக்கொண்டிருந்தது என்பது கிரேஸி காட் பற்றிய பேச்சில் ஒரு அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது. அந்தப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. இல்லாததைப் பற்றி என்ன பேச முடியும், எவ்வளவு தூரம் பேசலாம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜார்ஜ் ஹெர்ரிமன் 1910 ஜூலையில் வேறொரு தொடரின் கட்டங்களுக்கு அடியில், இடத்தை நிரப்புவதுபோல, ஒரு பூனையையும் எலியையும் வரையத் தொடங்கினார். 1913 அக்டோபரில் அவை தனித் தொடராயின. 1916 ஏப்ரலில் ஞாயிற்றுக்கிழமை முழுப்பக்கம் வந்தது. பூனை கிரேஸிக்கு எலி இக்னாட்ஸின்மேல் காதல். இக்னாட்ஸ் பூனையின் மண்டையைக் குறிவைத்துச் செங்கல் எறிகிறது. விழும் செங்கல்லைக் காதலின் பதிலாகவே கிரேஸி வாங்கிக்கொள்கிறது. கிரேஸியை நேசிக்கும் போலீஸ் நாய் ஆபீசா பப் எலியைப் பிடித்துச் சிறையில் போடுகிறது. கதை இவ்வளவுதான். 1944-ல் ஹெர்ரிமன் இறக்கும்வரை, முப்பது வருஷங்களுக்கும் மேலாக, இதையே அவர் வரைந்தார். கிரேஸி ஆணா பெண்ணா என்பதை அவர் கடைசிவரை தீர்த்துவைக்கவில்லை. ஓரிடத்தில் ஆண், வேறிடத்தில் பெண். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதனால் பட்ட பாட்டைப் பார்த்தால் நமக்கு நம் அஃறிணையின் அருமை தெரியும். பூனையை ‘அது’ என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம்.

அடிப்படையான விஷயம் இந்தக் கதையல்ல. கட்டத்துக்குக் கட்டம் பின்னணி மாறும். முதல் கட்டத்தில் மரம் இருந்த இடத்தில் அடுத்த கட்டத்தில் ஒரு பாறைத் தூண், பகல் இரவாகியிருக்கும், பேசிக்கொண்டிருப்பவர்களோ ஓர் அடிகூட நகர்ந்திருக்க மாட்டார்கள். அரிஜோனாவின் கொக்கொனீனோ பாலைநிலத்தை ஹெர்ரிமன் நேரில் அறிந்து நேசித்தவர். ஆனால் தாளில் அந்த நிலம் நிலைகொள்வதே இல்லை. மாற்றம் கட்டங்களுக்குள் நிகழ்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள அந்த வெள்ளைக் கோட்டில், நாம் பார்க்காதபோது, நடந்து முடிந்துவிடுகிறது. கவிதையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நிகழ்வதைப் போன்ற காரியம் இது. கம்மிங்ஸை இழுத்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இப்போது சினிமாவுக்கு வருவோம். சினிமாவின் வேலையே இந்த இடைவெளியை அடைப்பது. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே என்ன நடந்தது என்று வரைந்து காட்டுவதற்காகத்தான் அனிமேஷன்காரனுக்குச் சம்பளம். ஆக, ஹெர்ரிமனின் உலகம் எதை மறைத்து உயிர் வாழ்ந்ததோ அதை வெளியே எடுத்துப் போடும் தொழில் ஒன்று அவருடைய பாத்திரங்களைக் கையில் எடுத்துக்கொண்டது.

எடுத்தவர் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். தொடர்கள் அவருடைய சொத்து. செய்திப்படமும் அவருடைய சரக்கு. செய்திப்படச் சுருளின் வாலில் ஒட்டிவிடுவதற்காக அவருடைய இன்டர்நேஷனல் ஃபிலிம் சர்வீஸ் ஒரு கார்ட்டூன் பிரிவை வைத்துக்கொண்டது. அதன் தலைமை கிரிகரி லா காவாவிடம். பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர்பெற்ற டைரக்டராகிய அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. 1916 பிப்ரவரியில் கிரேஸியும் இக்னாட்ஸும் திரைக்கு வந்தார்கள். ஹெர்ரிமன் இவற்றை வரையவில்லை. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் வரைந்தார்கள். சில நிமிஷப் படங்கள். வெள்ளைப் பரப்பில் கறுப்பு மைக்கோடு, பின்னணி என்று சொல்ல ஓரிரு கீற்றுகள். பாத்திரம் பேச வேண்டுமானால் அசைவு நின்றுவிடும். தலைக்குமேல் குமிழ் முளைக்கும். நாம் படித்து முடிக்கும்வரை எல்லாம் அப்படியே காத்திருக்கும்.

மிஞ்சியிருப்பவற்றில் சில வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. கிரேஸி காதல் செய்யப் போவதாக ஒன்று, பூச்சி ஆராய்ச்சிக்காரனாக ஒன்று, சர்க்கஸில் ஒன்று. அனிமேஷனின் வளர்ச்சி என்று ஒரு நேர்கோடு போட்டு வைத்திருப்பவர்களுக்கு இவை கற்றுக்குட்டி வேலை; குமிழ்களுக்காக நின்று நின்று போவது சினிமா மொழி தெரியாததன் அடையாளம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிறுத்தங்களில்தான், திறமைக் குறைவினாலேயே என்றாலும், தாளின் கட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஓட்டம் தடைப்படும் இடத்தில் ஹெர்ரிமன் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறார்.

1918-ன் நடுவில் ஹெர்ஸ்ட் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டார். பாத்திரங்கள் பிரே ஸ்டூடியோவுக்குப் போயின. 1925-ல் பில் நோலன் கைக்கு வந்தபோது கிரேஸி, அன்று சந்தையில் ராஜாவாக இருந்த ஃபீலிக்ஸ் பூனையின் அச்சில் வார்க்கப்பட்டது. நோலன் ஃபீலிக்ஸ் படங்களிலும் வேலை செய்தவர். அடுத்து சார்ல்ஸ் மின்ட்ஸ். 1929-ல் ஒலி சேர்ந்தது. முப்பதுகளில் கிரேஸி மிக்கி மவுஸின் ஒன்றுவிட்ட தம்பிபோல, ஒரு காதலியோடு, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆணாக ஆடிப்பாடியது. செங்கல் போயிற்று, பாலைநிலம் போயிற்று. 1936-ல் ஐசடோர் க்ளைன் முயற்சியில் ஒரேயொரு படம் ஹெர்ரிமனின் மூலத்தை நோக்கித் திரும்பிப் பார்த்தது. அவ்வளவோடு சரி.

விசித்திரம் என்னவென்றால், ஹெர்ரிமனை விட்டு அதிகம் விலகிய இந்தப் பிற்காலப் படங்களே ஏராளமாகப் பிழைத்திருக்கின்றன. அருகில் இருந்தவை அழிந்தன. இதில் விதி எதுவும் இல்லை, ரசாயனமும் சட்டமும்தான். அந்நாளைய பிலிம் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் சும்மா இருக்காது. பிம்பம் வெளிறி, பிசுபிசுத்து, கடைசியில் டப்பாவுக்குள் பழுப்புத் தூளாகிவிடும். அதிலுள்ள வெள்ளிக்காகவே காய்ச்சப்பட்டவையும் உண்டு. 1912 வரை அமெரிக்கச் சட்டத்தில் சினிமாவுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. புகைப்படமாகப் பதிவு செய்வதற்காகப் படத்தின் ஒவ்வொரு பிரேமையும் காகிதச் சுருளில் அச்சிட்டு நூலகத்தில் ஒப்படைத்தார்கள். அந்தக் காகிதம் நின்றது. மூவாயிரத்துக்கும் அதிகமான படங்கள் அதிலிருந்து பின்னர் திரும்பக் கிடைத்தன. 1912-ல் சட்டம் முன்னேறி, சினிமாவைச் சினிமாவாகவே அங்கீகரித்தது. காகிதம் தேவையற்றதாயிற்று, தீக்குப் பயந்த நூலகம் பிலிமைச் சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தது. கிரேஸி திரைக்கு வந்தது நாலு வருஷம் தாமதம்.

2013-ல் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட கணக்கில், 1912 முதல் 1929 வரை அங்கு எடுக்கப்பட்ட 10,919 முழுநீள மௌனப் படங்களில் வெளியான வடிவிலேயே எஞ்சியவை 14 சதவீதம். செய்திப்படத்தின் வாலில் ஒட்டிய கார்ட்டூன்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. பிழைத்த குறும்படங்கள் பல, வீட்டில் போட்டுப் பார்க்கவென்று 1920-களில் எடுத்த 16 மில்லிமீட்டர் பிரதிகளாகப் பிழைத்தவை. இன்னும் சில நியூஜிலாந்து மாதிரி கடைக்கோடி நாடுகளில் அகப்பட்டன. விநியோகச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குப் போன சுருளைத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டாது. அதனால் அங்கேயே கிடந்தது.

தொலைந்தது என்றதும் அதற்கு ஒரு மகத்துவம் கூடிவிடுகிறது. கிடைக்காத ஏடு எல்லாம் காவியம் என்று நம்புகிற மனம் எல்லா ஊரிலும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. 1916-ன் கிரேஸி படங்கள் அத்தனையும் நாளை கிடைத்தாலும் அவை ஹெர்ரிமனின் ஒரு ஞாயிற்றுப் பக்கத்துக்கு ஈடாகா. கிடைத்திருக்கும் சிலவற்றிலிருந்தே இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ‘போனால் போகட்டும்’ என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தனி மனிதனின் சிருஷ்டியைக் கூலிக்கு வரைகிறவர்கள் எடுத்துக்கொண்டபோது முதலில் எதைக் கைவிட்டார்கள், எதைக் கொஞ்ச நாளாவது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது படத்துக்குப் படம் பார்த்தால்தான் தெரியும். பாலைநிலம் திரையிலிருந்து எந்தப் படத்தில் மறைந்தது? கிரேஸி எப்போது வெறும் பூனையாயிற்று? ஒரு கலை வியாபாரமாவதன் படிகள் இவை. நமக்குக் கிடைத்திருப்பது முதல் படியும் கடைசிப் படியும். நடுவில் பள்ளம்.

ஹெர்ரிமன் தானே கலந்துகொண்ட அசையும் கிரேஸி ஒன்றும் உண்டு, சினிமாவுக்கு வெளியே. ஜான் ஆல்டன் கார்ப்பென்டர் இசையமைத்து 1922 ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் மேடையேறிய ஜாஸ் நாட்டியம் அது. கிரேஸியாக ஆடியவர் அடால்ஃப் போல்ம். கதையமைப்பும் காட்சி ஜோடனையும் ஹெர்ரிமன். அவர் செய்ததைப் பாருங்கள்: பின்திரையை நீளச் சுருளாக வரைந்து, ஆட்டத்தின்போது அது உருளும்படி அமைத்தார். ஆட்டக்காரன் மேடையில் இருக்க, நிலம் அவனுக்குப் பின்னால் ஓடியது. அனிமேஷன்காரர்கள் பூனையை ஓடவைத்தார்கள். அவரோ ஊரை ஓடவைத்தார். இசைக்குறிப்பு இருக்கிறது. அன்றைய ஆட்டத்தைத்தான் பார்க்க முடியாது.

இனி, தாளில் வந்தது பத்திரமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மைக்ரோஃபிலிம் வந்ததும் அமெரிக்க நூலகங்கள் பழைய தினசரிகளின் கட்டுகளைக் கழித்துவிட ஆரம்பித்தன. கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் ஞாயிற்றுப் பக்கத்தின் வர்ணம் விழாது; நுண்கோடுகள் கரியாக அப்பிக்கொள்ளும். பில் பிளாக்பேர்ட் என்பவர் அறுபதுகளின் இறுதியிலிருந்து, நூலகங்கள் எறிந்த கட்டுகளைச் சேகரித்து ஸான் பிரான்ஸிஸ்கோவில் தம் வீட்டில் நிரப்பினார். சமையலறை, கார் ஷெட் எல்லாம் தினசரிகள். ஹெர்ரிமனின் ஞாயிற்றுப் பக்கங்களை வருஷ வரிசையில் அவர் பதிப்பிக்கத் தொடங்கியது 1988-ல். 1924-ம் வருஷப் பக்கங்கள்வரை வந்ததும் பிரசுரம் நின்றது. 2002-ல் வேறொரு பிரசுரம் 1925-லிருந்து தொடர்ந்து, 2008-ல் முடித்தது. சேகரிப்பு முழுவதும், ஏறக்குறைய 75 டன் காகிதம், 1998-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஏற்றிப் போக ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன.