துர்கத்துக் கோட்டையும் துப்பாக்கியின் அடைப்பாணியும்

குன்னூரிலிருந்து தேயிலைத் தோட்டங்களைக் கடந்து பகாசுரன் மலை ஏறுவோர், உச்சியில் சிதைந்த மதிற்சுவர்களைக் காண்பர். ஹுலிக்கல் துர்கம் எனப்படும் இக்காவற்கோட்டை, ஷஹீத் திப்பு சுல்தானின் ஆட்சியில் மைசூர்ப் படையின் வசம் இருந்தது. அன்று இங்கே தேயிலை இல்லை. மழையும் பனிமூட்டமும் இருந்தன. அந்த ஈரத்தில் துப்பாக்கிக்கு முதற்பகை துருவே.

அக்காலத் துப்பாக்கிகளில் குழலின் வாய்வழியாகவே மருந்தும் குண்டும் இடப்பட்டன. குழலின் பின்முனையை அடைக்கும் இரும்பாணிதான், சுடுபவரின் முகத்திற்கும் வெடிக்கும் கருமருந்திற்கும் இடையிலிருந்த காப்பு. ஐரோப்பியக் கொல்லர்கள் அதனை மரையிட்டுத் திருகினர். ஆணியின் முகம் குழலுக்குள் இடைவெளியின்றிப் படிய வேண்டும். சிறு சந்து இருந்தாலும் மருந்தின் கசடு தங்கி இரும்பை அரிக்கும். நம் நாட்டுக் குழல்கள் பலவற்றில் மரை இல்லை. காய்ச்சி அடித்தே இறுக்கினர். இதனைக் கைத்திறன் குறைவு என்பாருடன் நான் உடன்படவில்லை. நன்கு அடித்து இணைத்த குழலில் புகை கசியாது. கழற்றித் துடைக்க இயலாமையே அதன் குறை.

திப்பு இத்தொழிலில் பெரும் ஆர்வம் காட்டினார். 1788இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் சென்ற அவருடைய தூதுக்குழு, கைவினைஞர்களை அனுப்பக் கோரியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உருவான அரசத் துப்பாக்கிகளில் புலிவரிகளும், அவர் ஏற்படுத்திய மௌலூதி ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. 1799 மே 4 அன்று அந்நகர் வீழ்ந்தது. நீலகிரியும் கம்பெனியின் கைக்குச் சென்றது.

இத்தகைய பழந்துப்பாக்கி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடைத்தால், அடைப்பாணியைக் கழற்ற முனைய வேண்டாம். உள்ளே மருந்தும் குண்டும் இருக்கக்கூடும். ஈரம் புகாத கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். ஒரு குச்சியைக் குழலில் இறக்கி, அது சென்ற ஆழத்தை வெளியே பின்முனை வரையுள்ள நீளத்தோடு ஒப்பிட்டால் ஐயம் எழும். அந்த ஐயம் எழுந்தவுடன் காவல்துறையிடம் தெரிவிப்பதே முறை. துருவேறிய மரையைத் தளர்த்தச் சூடு காட்டுவோரும் உண்டு. மருந்திருக்கும் குழலுக்கு அது தீ வைப்பதே. மரையற்ற குழலையோ எவ்வளவு முறுக்கினாலும் திறக்காது, உடையும்.

1904இல் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் கார்டைட் ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கு உருவான புகையற்ற மருந்தின் அழுத்தம் கருமருந்தினும் மிகுதி. துர்கத்துக் காவலரின் குழல்களில் அதனை இட்டிருந்தால் அடைப்பாணியே முதலில் தெறித்திருக்கும்.