எச்பிஏ1சி எண்ணும் விரல் நுனிச் சோதனையும் ஒத்துப்போகவில்லையா?

இனிப்பு நீர் நோயாளிகள் கிளினிக்கிற்குச் செல்லும்போது மருத்துவர் முதலில் பார்ப்பது எச்பிஏ1சி எண்ணைத்தான். மாத்திரையைக் கூட்டுவதா, இன்சுலின் தொடங்குவதா என்ற முடிவில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், சிலரின் இரத்தத்தில் பிறவியிலேயே இருக்கும் ஒரு சிறு வேறுபாடு அந்த எண்ணை மாற்றிக் காட்டிவிடும்.

சோதனை எதை அளக்கிறது?

இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். இரத்தத்தில் உள்ள சர்க்கரை அதில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். எனவே, ஒட்டிய சர்க்கரையின் அளவைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அறியலாம். எச்பிஏ1சி 7 விழுக்காடு என்றால், சராசரி சர்க்கரை அளவு சுமார் 8.6 மில்லிமோல்.

1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரஹ்பார், வழக்கத்திற்கு மாறான ஹீமோகுளோபின்களைத் தேடியபோதுதான் நீரிழிவு நோயாளிகளிடம் இந்த மாற்றத்தைக் கண்டார்.

எங்கே சிக்கல்?

ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே அது வேறு வகையாகிவிடும். இத்தகைய வகைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மலேசியா, தாய்லாந்து வட்டாரத்தில் 'ஈ' வகை பரவலாகக் காணப்படுகிறது. பஞ்சாபியரிடையே 'டி' வகை உண்டு. அரிவாள் செல் நோய்க்குக் காரணமான 'எஸ்' வகை, இந்தியாவில் 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவர் பொதுவாக நலமாகவே இருப்பார். தமக்கு அது இருப்பதே பலருக்குத் தெரியாது. இவர்களுக்கு எண் சரியாக வருமா என்பது ஆய்வுக்கூடக் கருவியைப் பொறுத்தது. பரவலான வகைகளைப் புதிய கருவிகள் பலவும் சமாளித்துவிடும். அரிய வகைகளில்தான் குழப்பம் அதிகம். எடுத்துக்காட்டாக, 'ராலே' எனும் அரிய வகையைச் சில கருவிகள் எச்பிஏ1சி என்றே எண்ணிக்கொள்ளும். அப்போது எண் பொய்யாக உயரும்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்று, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிபவர்களுக்கு எந்தக் கருவியிலும் இந்தச் சோதனை நம்பகமானதல்ல. சர்க்கரை ஒட்டுவதற்கான காலம் குறைவதால் எண் தாழ்ந்தே வரும்.

பொய்யாகத் தாழ்ந்த எண்ணை நம்பினால் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை சத்தமின்றிப் பாதிக்கப்படும். பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

* வீட்டில் விரல் நுனியில் எடுக்கும் அளவுகளுக்கும் எச்பிஏ1சிக்கும் பெரிய இடைவெளி இருந்தால்
* எண் 15 விழுக்காட்டைத் தாண்டினால்
* ஆய்வுக்கூடம் மாறியதும் எண் வெகுவாக மாறினால்
* குடும்பத்தில் தலசீமியாவோ வேறு ஹீமோகுளோபின் கோளாறோ இருந்தால்

நம் நாட்டில் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு அதில் ஏதேனும் தெரியவந்திருந்தால், உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இது பரம்பரையாக வருவது.

ஆனால், எண் பொருந்தாததற்கு இது மட்டுமே காரணமல்ல. இரும்புச் சத்துக் குறைவு எண்ணை உயர்த்தலாம். அண்மைய இரத்த இழப்பு, இரத்தம் ஏற்றிக்கொண்டது ஆகியவையும் எண்ணை மாற்றும்.

என்ன செய்யலாம்?

விரல் நுனி அளவுகளைத் தேதி, நேரத்துடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபின் பகுப்பாய்வு தேவையா என்று கேளுங்கள். வேறு முறையில் அளக்கும் ஆய்வுக்கூடத்திற்கு அவர் இரத்தத்தை அனுப்பலாம். கடந்த இரண்டு மூன்று வார நிலையைக் காட்டும் ஃபுரக்டோசமைன் சோதனையும் உண்டு. நோய் இருக்கிறதா என்று அறிய, வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவைப் பார்க்கலாம். அது 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவைக் குறிக்கும். மறுமுறையும் சோதித்து உறுதி செய்வார்கள்.

எண்ணில் சந்தேகம் வந்தாலும், நீங்களாகவே மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். வேறுபாடு உறுதியானால், அதை உங்கள் மருத்துவ அட்டையில் குறித்துத் தரும்படி கேளுங்கள். கிளினிக் மாறினாலும் அடுத்த மருத்துவருக்கு அது உதவும்.