நெருக்கடியில் வைத்த அடைக்கலப்பொருள்

ஓடுகிறவர் ஆள் பார்த்துப் பொருள் ஒப்படைப்பதில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் விட்டுப் பெயர்ந்த எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரோமச் சட்டமும் அதை அறிந்திருந்தது. கூலி வாங்காமல் பொருள் காப்பவர், வஞ்சகம் செய்தாலன்றிப் பொறுப்பாளியல்லர் என்பது அங்கே பொதுவிதி. (சத்திரக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, விருந்தினரின் பொருள் களவுபோனால் அவரே இறுக்கவேண்டும். உணவகத்தில் மேலங்கி வாங்கி மாட்டும் நாம் அந்தப் பகுதியை இருமுறை வாசித்தோம்.) ஆனால் கலகம், தீ, வீடு இடிதல், கப்பற்சேதம் ஆகிய வேளைகளில் வாங்கி வைத்துவிட்டுப் பின்னர் மறுத்தவன் இரட்டிப்பாகக் கொடுக்கவேண்டும். 3ஆம் நூற்றாண்டின் சட்டவறிஞர் உல்பியான் காரணம் சொல்கிறார்: மற்ற வேளைகளில் வைத்தவர் தானே ஆளைத் தெரிவுசெய்தார், நெருக்கடியில் வைத்தவருக்கு வேறு வழியில்லை. ஆகவே துரோகமும் பெரிது.

இதே சட்டத்தின் வாரிசான ஐரோப்பாவில், நாஜிகளுக்கு அஞ்சிய யூதர் பலர் சுவிஸ் வங்கிகளில் பணத்தை வைத்தனர். 1934இன் வங்கிச் சட்டம் இரகசியத்தை உடைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. போர் முடிந்து பிள்ளைகள் போய்க் கேட்டபோது அந்த இரகசியமே கதவை மூடியது. மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அவுஷ்விட்ஸில் யார் சான்றிதழ் எழுதினார்கள்? 1962இல் வந்த ஆணையோ கணக்குகளைத் தேடும் வேலையை வங்கிகளிடமே விட்டது. 1996இல் நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தபின்தான் கதவு அசைந்தது. 1998இல் 125 கோடி டொலருக்கு இணக்கம். பாதிக்கப்பட்டோருடையவையாக இருக்கக்கூடிய ஏறக்குறைய 54,000 கணக்குகளை 1999இல் வோல்க்கர் குழு அடையாளங்கண்டது. வழக்கு இணக்கத்தில் முடிந்ததால் துரோகமா இல்லையா என்று எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதவில்லை. கேட்கப் போனவர்களில் பலர் அதற்கு முன்பே இறந்துவிட்டனர்.