சிவனொளிபாத மலையின் வழிவிளக்குகள்



சத்திரம் அமைத்தல், தண்ணீர்ப் பந்தல் வைத்தல், சுமைதாங்கி நாட்டுதல் ஆகியவற்றை வழிநடப்போருக்குச் செய்யும் அறங்களாக நம் முன்னோர் போற்றினர். இரவில் நடப்பவன் காலுக்கு ஒளி தருவதும் அவ்வறங்களோடு சேர்த்து எண்ணத்தக்கதே. தெருவிளக்கு என்றவுடன் நகரத்து வீதிகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நம் நாட்டில் நள்ளிரவிலும் மக்கள் வெள்ளம் ஓயாத பழைய தெரு ஒன்று மலையின்மேல் ஏறிச் செல்கின்றது. இரு மருங்கும் கடைகளும், இளைப்பாறும் மடங்களும், ஆயிரக்கணக்கான படிகளும் கொண்ட அத்தெருவே சிவனொளிபாத மலைப் பாதை. அதற்கு ஒளி வந்த வரலாற்றை இன்று சிந்திப்போம்.

சப்பிரகமுவ மாகாணத்தின் எல்லையில், 2,243 மீற்றர் உயரத்தில் நிற்பது இம்மலை. உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சிவபெருமானுடையது என்று சைவரும், புத்தர்பிரானுடையது என்று பௌத்தரும், ஆதி பிதாவாகிய ஆதமுடையது என்று இஸ்லாமியரும் வணங்குகின்றனர். இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல வழியாக ஏறும் பாதை நெடியது, தொன்மை மிக்கது. குருவிட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாதையும், மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணியிலிருந்து மற்றொரு பாதையும் உண்டு. மார்கழி மாதத்துப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைப் பருவம்.

யாத்திரிகரின் துன்பத்தைத் துடைக்க முற்பட்டோருள் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன் முதன்மையானவன். கி.பி. 1055 முதல் 1110 வரை ஆண்ட அம்மன்னன், வழியில் வருந்துவோரின் உணவுக்கென்று கிலிமலைக் கிராமத்தை மானியமாக வழங்கினான் என்று சூளவம்சம் கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவப்பதிராஜர் கம்பளைப் பக்கத்திலிருந்து மலைக்குச் செல்லும் வழியைச் செப்பனிட்டுப் பாலங்கள் அமைத்தார். 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, பாபா பாதை, மாமா பாதை என இரு வழிகள் இருந்தமையையும், செங்குத்தான இடங்களில் பற்றி ஏற இரும்புச் சங்கிலிகள் தொங்கியமையையும் எழுதியுள்ளார். உணவும், பாலமும், சங்கிலியும் இவ்வாறு கிடைத்தன. ஒளியை மட்டும் யாத்திரிகரே கையிற் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

தென்னோலைச் சூளும் தீப்பந்தமும் அக்காலத்து விளக்குகள். பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. அரிக்கன் லாம்பும் வந்தது. கைவிளக்கின் இயல்பு ஒன்றை இங்கே நினைக்க வேண்டும். ஒரு பந்தத்தின் ஒளி அதனைச் சூழ்ந்து நடக்கும் சிலருக்கே பயன்படும். விரைந்து நடக்க இயலாத முதியவளும், குழந்தையைத் தோளில் சுமந்த தாயும் கூட்டத்திலிருந்து பின்தங்கினால் அவர்களுக்கு இருளே துணை. வழியோரத்தில் நிலையாக நின்று எரியும் விளக்கோ எவருக்கும் காத்திருக்கும். அவரவர் தம் நடைக்கேற்ப ஏறலாம். விளக்கைக் கையிலிருந்து வழிக்கு மாற்றியது வசதி மட்டுமன்று. வலியோர்க்கிருந்த உரிமையை மெலியோர்க்கும் பகிர்ந்தளித்த செயலுமாகும்.

அம்மாற்றத்திற்கு வழிவகுத்தது மலையடிவாரத்து நீரே. 1895ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் தனியார் கம்பனி ஒன்று மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. ஆனால் நாடு முழுவதற்கும் மின்சாரம் வேண்டுமாயின் மலைநாட்டு ஆறுகளையே நாட வேண்டும் என்று 1918இல் தம் ஆய்வுரையில் எடுத்துரைத்தவர் எந்திரவியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1920களில் தொடங்கி இடையிலே முடங்கிக் கிடந்த லக்ஷபான நீர்மின் திட்டம், 1950ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது. அதன்பின் மின்கம்பிகள் மலைநாட்டிற் படிப்படியாகப் பரவின. இன்று யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதை நெடுகிலும் மின்விளக்குகள் எரிகின்றன. தொலைவில் நின்று காண்போருக்கு, மலைக்கு அணிந்த மணிமாலை போல அவ்வரிசை வானத்தை நோக்கி வளைந்து வளைந்து செல்லும்.

இவ்வரலாற்றிலே கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பல தோட்டங்களில் ஓடைநீரைக் கொண்டே சிறு சுழலிகளை இயக்கித் தொழிற்சாலைக்கு விசையும் ஒளியும் பெற்றனர். கொழுந்து வாடும் மாடத்திலே மின்விளக்கு எரிந்தது. அக்கொழுந்தைப் பறித்த கைகளுக்குரியோரின் லயத்திலோ குப்பி விளக்கே புகைந்தது. விடியுமுன் பிரட்டுக் களத்திற்குச் செல்லும் வழியும் இருளாகவே கிடந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் எட்டியது அதற்கும் பின்னரே. இருண்ட லயத்திலிருந்து புறப்பட்டு, ஒளி நிறைந்த மலையேறித் தொழுது, மீண்டும் இருண்ட லயத்திற்கே திரும்பியவர்கள் அவர்கள். கம்பி எட்டாத தூரம் அதற்குக் காரணமன்று. யாருடைய கால்களுக்கு ஒளி வேண்டும் என்ற எண்ணத்திலே நேர்ந்த குறையே காரணம்.

இனி, எவ்வளவு ஒளி வேண்டும் என்பதும் ஆராயத்தக்கது. யாத்திரிகர் இரவில் ஏறுவது வெயிலுக்கு அஞ்சி மட்டுமன்று. உச்சியிலே நின்று சூரியோதயத்தைத் தரிசிப்பதற்காகவுமே. கதிரவன் எழுந்ததும் மலையின் நிழல் முக்கோண வடிவிலே மேற்கே, சப்பிரகமுவத் தாழ்நிலத்தின் மேகங்களின்மீது விழும் காட்சி அற்புதமானது. அக்காட்சிக்கு முன்னுரையாக அமைவது இருள்.

மனிதக் கண் இருளுக்கு முற்றும் பழக அரை மணி நேரம் வரை செல்லும். கூசும் விளக்கு ஒன்றை ஒரு கணம் நோக்கினாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். ஆதலால் படிவழிக்கு வேண்டுவது கண்ணைத் தாக்கும் பேரொளியன்று. படியின் விளிம்பையும் அதன் தாழ்வையும் பிரித்துக் காட்டும் மெல்லொளியே. விளக்கிற்கு மூடி இருத்தல் வேண்டும். ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும். நிறமும் வெண்ணீலமாக இன்றி மஞ்சள் சார்ந்திருத்தல் நன்று. வெண்ணீல ஒளி கண்ணைப் பெரிதும் கூசச் செய்வதோடு, பூச்சியினங்களையும் மிகுதியாக ஈர்த்து மயக்கும். இம்மலையைச் சூழ்ந்த காடு 1940ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அக்காட்டில் வாழும் உயிர்களுக்கு இரவே வாழ்வு. வண்ணத்துப்பூச்சியின் பெயரால் சமனல கந்த என்று சிங்கள மக்கள் அழைக்கும் மலையிலே சிறகுடைய சிற்றுயிர்கள் விளக்கில் வீழ்ந்து மடிவது பொருந்துமா?

பழம்பெருமை வாய்ந்த வீதிகளுக்கு ஒளியமைப்போர் யாவரும் இம்மலைப் பாதையிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. வீதியின் சிறப்பை விளக்கின் எண்ணிக்கையால் அளத்தல் கூடாது. தளர்ந்த கால் ஒன்று தடுமாறாது சென்றதா, வானத்து விண்மீன் ஒன்று மறையாது தெரிந்ததா என்ற இரண்டு கேள்விகளாலும் அளத்தல் வேண்டும். மலைக்கு ஏறும் படிக்குக் காட்டும் அக்கறையை லயத்து வாயிற்படிக்கும் காட்டும் நாளிலேதான் வழிவிளக்கு என்னும் அறம் முழுமை பெறும்.