துறைமுகத் திறன் அளவீடு: பழவேற்காட்டுக் கரையின் வரலாறு

துறைமுகத் திறன் அளவீடு என்பது கப்பலையும் சரக்கையும் ஒரு துறைமுகம் எவ்வளவு விரைவாகக் கையாண்டு அனுப்புகிறது என்பதைக் கணக்கிடும் முறை. கப்பல் வெளியே எத்தனை மணி நேரம் நங்கூரமிட்டுக் காத்திருந்தது, தளத்தில் கட்டிய பின் எத்தனை டன் இறக்கியது, கன்டெய்னர் முற்றத்தில் எத்தனை நாள் கிடந்தது, அதை ஏற்றிய டிரெய்லர் எப்போது வாயிலைத் தாண்டியது என்பவை அதன் அடிப்படைக் கேள்விகள். துறைமுகத்தையும் உள்நாட்டுத் தொழில் நகரங்களையும் இணைக்கும் சாலை, ரயில், நீர்வழிகளுக்கும் இதே கேள்விகளை நீட்டும்போது அது போக்குவரத்துத் தடங்களின் திறன் அளவீடு ஆகிறது.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலுள்ள பழவேற்காட்டுக் கரையில் இதன் நானூறு ஆண்டு வரலாறு ஒரே இடத்தில் கிடக்கிறது. டச்சுக்காரரின் கோட்டை, பக்கிங்காம் கால்வாய், எண்ணூரின் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் சில மைல்களுக்குள் அடங்கிவிடும். யாருடைய நேரம் கணக்கில் ஏறியது, யாருடையது ஏறவில்லை என்று ஒவ்வொரு காலத்திலும் கேட்டுப் பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

ஏரி, முகத்துவாரம், பாடு

பழவேற்காடு ஏரி சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்முனை தமிழ்நாட்டிலும் உள்ளன. வடக்கே சுவர்ணமுகியும் காளங்கியும், தெற்கே ஆரணியாறும் வந்து கலக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவும், அதற்குத் தெற்கே ஒடுங்கிய மணல் திட்டும் நிற்கின்றன. ஏரி ஆழமற்றது, பல இடங்களில் ஆள் நின்று வலை வீசலாம். இருளர் பெண்கள் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய ஓலைக் கூடையில் போடுவது இந்த ஆழத்தில்தான்.

கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும், படகு வெளியே போகும். கோடையில் மணல் ஏறி அது ஒடுங்கும், சில ஆண்டுகளில் மூடியே போகும். அப்போது கடலிலிருந்து திரும்பும் ஃபைபர் படகு கடல் நீர் ஏற்றத்துக்காக வெளியே காத்து நிற்கும். நேரமாகிவிட்டால் எஞ்சினின் நீளத் தண்டைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு மூன்று பேர் இடுப்பளவு நீரில் இறங்கிப் படகைத் தள்ளுவார்கள். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். ஏலத்தில் மீன் விலையும் இறங்கும். துறைமுகப் பொறியாளர் இதைத் தளம் கிடைக்கும் முன் காத்திருப்பு என்பார். எந்த ஏட்டிலும் இது பதிவாவதில்லை.

குப்பங்களுக்குச் சொந்தமான அளவீடும் ஒன்று உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்கள் 'பாடு' எனப்படும். ஊரில் தலைக்கட்டாகப் பதிந்தவர்கள் குழுக்களாகப் பிரிந்து, முறை வைத்துப் பாடுகளை மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும். இடம் குறைவு, ஆள் அதிகம், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் நெரிசல் என்ற அதே சிக்கலைத்தான் கப்பல் தளப் பங்கீடும் தீர்க்கப் பார்க்கிறது. பாடு அதைப் பங்கின் வழியாகத் தீர்க்கிறது, துறைமுகம் வேகத்தின் வழியாக. பாடு முறை பட்டினவ மீனவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததால், வெளியே நின்றவர்களுடன் பூசலும் நடந்தது. அந்தக் குறை இருந்தாலும், தன் எல்லைக்குள் யாருக்கு எந்த நாள் என்பதை மறைக்காமல் சொல்லிய கணக்கு அது.

டச்சுக்காரர் காலம்

விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கிடங்கு அமைத்தது. 1612இல் போர்த்துக்கேயர் அதைத் தாக்கி அழித்தனர். 1613இல் கம்பெனி அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெம் தன் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார். சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையகமாக இது 1690 வரை இருந்தது. பின்னர் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது.

பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. அவை திறந்த கடலில் நங்கூரமிட, துணிக் கட்டுகள் சிறு படகுகளில் முகத்துவாரம் வழியே போய் ஏறின. அன்றைய திறன் அளவீடு பருவக்காற்றின் கையில் இருந்தது. வடகிழக்குப் பருவம் அக்டோபரில் மூளும் முன் கப்பல் நிரம்பிக் கிளம்பியாக வேண்டும். கம்பெனியின் ஆசியத் தலைமையகமான பத்தேவியாவின் நாட்குறிப்புப் பதிவேடுகள் கப்பல் வந்த நாளையும் போன நாளையும் ஏற்றிய சரக்கையும் குறித்துவைத்தன. அந்தச் சரக்கில் துணியும் வெடிமருந்தும் மட்டுமின்றி அடிமைகளாக விற்கப்பட்ட மனிதரும் இருந்தனர் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஏட்டில் அவர்களும் எண்ணிக்கையாகவே ஏறினார்கள். 1824 உடன்படிக்கையின்படி 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயருக்குக் கைமாறியது.

பக்கிங்காம் கால்வாய்

பேசில் காக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை திறந்தது. பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசு அதை ஏற்றது. 1876–78 பெரும் பஞ்சத்தில், கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது; ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளம். விறகும் உப்பும் பழவேற்காட்டுச் சிப்பிச் சுண்ணாம்பும் இதன் வழியே சென்னை சேர்ந்தன. காற்று இருந்தால் பாய் விரித்தார்கள். இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள்.

1965, 1966, 1976 புயல்களில் கால்வாய் சிதைந்தது. லாரியோடு வேகத்தில் போட்டியிட முடியாத தடம் என்று அதைச் சீரமைக்காமல் விட்டார்கள். மணிக்கு எத்தனை கி.மீ. என்று மட்டும் கேட்டால் அந்த முடிவு சரி. மழைநீரை வடிக்கும் வேலையையும் அது செய்தது; அந்தப் பயனுக்குக் கணக்கேட்டில் இடம் இருக்கவில்லை. 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்ட பின்னரும் சென்னைக்கு அருகே சரக்குப் படகுகள் திரும்பவில்லை.

மணலை அளந்த துறைமுகத் தலைவர்

சென்னைத் துறைமுகக் கட்டுமானம் 1875இல் தொடங்கியது; 1881 புயல் அலைதாங்கிச் சுவர்களைத் தகர்த்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குக்கு மாற்றினார். அவர் செய்த இன்னொரு காரியம் இந்த வரலாற்றுக்கு முக்கியம். கடற்கரையோரம் தெற்கிலிருந்து வடக்கே மணல் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டு, 1910களில் லண்டனின் கட்டுமானப் பொறியாளர் கழகத்தின் ஏடுகளில் வெளியிட்டார்.

சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. துறைமுகத்தின் பக்க விளைவை அதன் தலைவரே எண்களில் எழுதிவைத்த அரிய நிகழ்வு இது. ஸ்பிரிங்கின் அக்கறை துறைமுகத்தின் வாயில் தூர்ந்துவிடாமல் காப்பது. என்றாலும் அந்தக் கணக்கு வடக்கே உள்ள குப்பங்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் விளக்கியது. அதற்குப் பின் கட்டிய ஒவ்வொரு சுவரும் அதே வேலையைச் செய்திருக்கிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஏரியைக் கடலிலிருந்து காக்கும் மணல் திட்டு ஒடுங்குகிறது என்று அங்குள்ள மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள்.

எண்ணூரும் காட்டுப்பள்ளியும்

எண்ணூர்த் துறைமுகம் 1999இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் பெருந்துறைமுகங்களில் நிறுவனச் சட்டப்படி கம்பெனியாகத் தொடங்கிய முதல் துறைமுகம் அது. 2001இல் வட சென்னை அனல் மின் நிலையத்துக்கான நிலக்கரியை இறக்கத் தொடங்கியது. 2014இல் காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. அதற்கு வடக்கே எல் அண்டு டி நிறுவனம் கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் 2012–13 வாக்கில் செயல்படத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்திடம் சென்றது. அந்த இடத்தில் இருந்த காட்டுப்பள்ளிக் குப்பம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டின் கணக்கும் வேறு வேறு. காமராசர் துறைமுகம் ஒன்றிய அரசின் பெருந்துறைமுகங்களின் பட்டியலில் வரும். காட்டுப்பள்ளி மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழ் உள்ள சிறு துறைமுகம். பெருந்துறைமுகங்களில் ஒரு கப்பல் வந்து திரும்பும் சராசரி நேரம் 2013–14இல் ஏறத்தாழ 94 மணி, 2023–24இல் 48 மணி என்று ஒன்றிய அரசு சொல்லும்போது, காட்டுப்பள்ளி அந்தச் சராசரியில் இல்லை.

அளவுகோல்களும் அவற்றின் எல்லையும்

ஐக்கிய நாடுகள் வணிக வளர்ச்சி மாநாடு 1976இல் வெளியிட்ட துறைமுகச் செயல்திறன் குறியீடுகள் இன்றுவரை அடித்தளமாக இருக்கின்றன. வந்து திரும்பும் நேரம், தளத்துக்கு முன் காத்திருப்பு, தளத்தில் ஒரு நாளைக்கு இறங்கிய டன், சும்மா நின்ற நேரத்தின் விகிதம், தளம் நிரம்பியிருக்கும் அளவு ஆகியவை முக்கியமானவை.

கடைசியாகச் சொன்னது பலரைக் குழப்பும். தளம் எப்போதும் நிரம்பியிருப்பது நல்லதென்று தோன்றும். ஒரே தளம், கப்பல்களின் வரவும் சரக்கு இறக்க ஆகும் நேரமும் முன்கூட்டித் தெரியாது என்று கொண்டு வரிசைக் கோட்பாட்டில் கணக்கிட்டால், தளம் பாதி நேரம் நிரம்பியிருக்கும்போது ஒரு கப்பல் சராசரியாக, சரக்கு இறக்க ஆகும் நேரத்தின் அளவே காத்திருக்கும். 80 விழுக்காடு நிரம்பினால் அது 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு. அதனால்தான் திறமையான துறைமுகம் கொஞ்சம் காலியாக இருக்க வேண்டியிருக்கிறது.

தளத்தில் ஒரு நாளைக்கு இறங்கும் டன்னை வைத்துத் துறைமுகங்களை வரிசைப்படுத்துவதும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஒரே வகை நிலக்கரி, கரையிலேயே இறக்கும் எந்திரம், அங்கிருந்து மின் நிலையம் வரை கன்வேயர் என அமைந்த காமராசர் துறைமுகத்தையும், நூறு வகைச் சரக்கை நெருக்கடியான நகரத்துக்குள் கையாண்ட சென்னைத் துறைமுகத்தையும் அந்த ஒரு எண்ணால் ஒப்பிடுவது நியாயமாகாது.

காத்திருப்பு நேரம் இந்தியப் புள்ளிவிவரங்களில் இரண்டாகப் பிரிகிறது: துறைமுகக் கணக்கு, துறைமுகம் சாராக் கணக்கு. தளம் இல்லாமல் நின்றால் முதலாவது. ஆவணம் தயாராகாமலோ வானிலையாலோ நின்றால் இரண்டாவது. பொறுப்பை யார் தலையில் வைப்பது என்று தெளிவாகப் பிரிக்கும் இந்த முறையை நான் மதிக்கிறேன். முகத்துவாரத்தில் நிற்கும் படகுக்கு இப்படி இரண்டில் எந்தக் கணக்கும் கிடையாது.

உலக வங்கி 2007 முதல் சரக்குப் போக்குவரத்துத் திறன் குறியீட்டை வெளியிடுகிறது. 2023 பட்டியலில் இந்தியா 139 நாடுகளில் 38ஆவது இடத்தில் இருந்தது. 2021 முதல் வரும் கன்டெய்னர் துறைமுகக் குறியீடு கப்பல் துறைமுகத்தில் கழித்த நேரத்தை வைத்தே தரம் சொல்கிறது. உள்நாட்டுத் தடங்களை அளக்க, 2016இல் நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி கன்டெய்னர்களில் மின்னணுச் சில்லு ஒட்டப்பட்டது. சுங்கச்சாவடியையும் வாயிலையும் தாண்டும்போதெல்லாம் நேரம் தானாகப் பதிவாகும்.

சாலை

சென்னைத் துறைமுகத்தின் பெருஞ்சிக்கல் வாயிலுக்கு வெளியே இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். கப்பல் வந்து திரும்பும் நேரத்தில் இந்த வரிசை சேராது. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது; பணி 2012இல் நின்றது. ஈரடுக்குத் திட்டமாக 2022இல் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. சரக்கு எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் நகர்ந்ததற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

அந்த நகர்வு சாலைகளை வடக்கே இழுத்தது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 132 கி.மீ. புறவட்டச் சாலை திட்டமிடப்பட்டது. அதன் முதல் பகுதி எண்ணூரைத் தச்சூரில் தேசிய நெடுஞ்சாலையுடன் இணைப்பதற்கானது. சென்னை–பெங்களூர் தொழில் தடத்தின் முனையங்களில் ஒன்றாகப் பொன்னேரி தேர்வானது. ஏரியின் தென்கரை இன்று ஒரு பெரிய போக்குவரத்துத் தடத்தின் வாசல்.

கணக்கில் வராதவை

2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்ப் பாறைகளில் படிந்த கெட்டிச் சேற்றை மக்கள் வாளியால் அள்ளினார்கள். சென்னை மீனை வாங்க ஆளில்லாமல் போனது. அந்த மாதத்தின் துறைமுகத் திறன் எண்களில் மீனவர் இழந்த நாள்கள் இடம்பெறவில்லை.

காட்டுப்பள்ளியை ஆண்டுக்கு சுமார் 2.46 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன் திறனுக்கு, கடலைத் தூர்த்துப் பெறும் நிலமும் சேர்த்து சுமார் 6,100 ஏக்கரில் விரிவாக்கும் திட்டம் எழுந்தபோது, பழவேற்காட்டுக் குப்பங்கள் எதிர்த்தன. 2021 சனவரியில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் குறித்ததும் அப்படியே. மீனவர்களின் வாதம் நேரானது: சுவர் நீண்டால் மணல் நகர்வு மாறும், மணல் மாறினால் முகத்துவாரமும் ஏரியும் போகும். ஸ்பிரிங் நூறாண்டுக்கு முன் எண்களில் எழுதியதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க, தமிழ்நாடு அரசு சுமார் 27 கோடி ரூபாயில் இருபுறமும் நேர்கல் சுவர்கள் கட்டும் திட்டத்தை எடுத்தது. அந்தச் சுவர்களும் மணலைத் தடுக்கும் சுவர்கள்தாம். ஆகவே முகத்துவாரத்தின் ஆழம், வடக்கிலும் தெற்கிலும் கரைக்கோடு, படகு ஏற்றத்துக்காக நின்ற நேரம் ஆகிய மூன்றையும் மாதந்தோறும் அளக்க வேண்டும். அவற்றைக் காமராசர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கப்பல் கணக்குக்குப் பக்கத்திலேயே வெளியிடவும் வேண்டும்.