மழையங்கியின் வரலாறு

மழையைத் தடுக்க முதலிற் கற்ற மனிதன், வியர்வையை வெளியேற்றக் கற்பதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் சென்றன. கிளாஸ்கோ நகரத்து இரசாயனவியலாளர் சாள்ஸ் மக்கின்ரொஷ், நெப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி, 1823 இல் காப்புரிமை பெற்றார். அவ்வங்கி குளிரில் விறைத்தது, வெப்பத்திற் பிசுபிசுத்தது. கந்தகத்துடன் சூடாக்கி இறப்பரை உறுதியாக்கும் முறையை 1839 இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தபின் அக்குறை நீங்கலாயிற்று. ஆயினும், துவிச்சக்கரவண்டி மிதிப்போன் மழைக்குத் தப்பினும் தன் வியர்வையிலேயே நனைந்து குளிரால் வாடினான். 1969 இல் பொப் கோர் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய நுண்துளைப் படலம் இதற்கு வழிகாட்டிற்று. அத்துளைகளில் நீர்த்துளி புகாது, நீராவி வெளியேறும். ஆனால், மேற்றுணி அழுக்கேறி நீரை உறிஞ்சினால் அவ்வழி அடைபடும். ஆகவே, தையற்றுளைகள் அடைக்கப்பட்டுள்ளனவா என நோக்கி வாங்குதலும், அழுக்கேறாது கழுவிப் பேணுதலும் அறிவுடைமையாகும்.